அடித்து ஏற்றாதீர்கள், கிலோவுக்குப் போடாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் கடைசிப் பகுதியை மட்டுமாவது வாசியுங்கள். அதில் ஒரு உதவி கேட்டிருக்கிறேன்.

நம்மூருக்குள் வாரத்தில் இரண்டு நாள் ஒலிபெருக்கி கட்டிய பழைய இரும்பு லொறி வருவது எல்லோருக்கும் தெரியும். போன மாதம் அது எங்கள் ஒழுங்கையால் போனபோது பின்னால் மூன்று சைக்கிள்கள் கிடந்தன. அதில் ஒன்று பழைய ஹம்பர். நான் சாரத்தோடு ஓடிப்போய் லொறியை மறித்தேன். பக்கத்து வீட்டு மாமி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். நான் மறித்தது முழுச் சைக்கிளுக்காக இல்லை. அதற்குள் இருந்த, உள்ளங்கையில் அடங்கும் ஒரு இரும்புக் கப்புக்காக. அந்தக் கப்பை நான் ஐந்து மாதமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

கதை மாமாவின் சைக்கிளில் தொடங்குகிறது. உம்மாவின் தம்பி. இளமையில் சைக்கிள் ஓட்டப் போட்டிக்குப் போனவர். வளைந்த ஹேண்டில், பின்னால் ஐந்து பல்லுச்சில்லு, ஒல்லியான டயர் என்று கொழும்பில் பழையதாக வாங்கிய ரலே ரேசிங் சைக்கிள் அது. சவூதிக்குப் போகும்போது எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். பிறகு அது கோழிக்கூட்டுக்குப் பின்னால் நின்றது, யாரோ அதற்கு வாசல் கதவின் பச்சைப் பெயின்டை அடித்தார்கள், கடல் காற்றில் கறள் ஏறியது. போன வருடம் மாமா வந்திருந்தபோது அதைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அன்றைக்குத்தான் திருத்துவது என்று முடிவெடுத்தேன்.

பிரேம் நல்லாகத்தான் இருந்தது. சில்லறைச் சாமான்கள்தான் பிழை. கிராங் ஓடும் அச்சின் இடது பக்கக் கப் உள்ளே குழி விழுந்து போயிருந்தது. டயர் இரண்டும் தூள். கொட்டர் பின் ஒன்று வளைந்திருந்தது. செயின் ஒரே கட்டியாகக் கிடந்தது. நாலு சாமான் வாங்கினால் முடிந்தது என்று நினைத்தேன்.

முதலில் போன கடையில் ஒரு தம்பி புதுக் கப் ஒன்றை எடுத்து வைத்தார். அளவு ஒன்றுதான், வாயில் வைத்ததும் ஏறியது. கையால் இரண்டு சுற்று. அதன்பிறகு இறுகியது. அவர் நீளமான ஸ்பெனரை எடுத்தார். "கறள் சேர், அடிச்சு ஏத்தினாச் சரி" என்றார். நான் வேண்டாம் என்று சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் வருகிற நூறு சைக்கிளில் தொண்ணூற்றொன்பதுக்கு அந்தக் கப் சரியாகத்தான் இருக்கும்.

மறுநாள் பாடசாலை ஆய்வுகூடத்து வேணியர் இடுக்கிமானியோடு உட்கார்ந்தேன். விஞ்ஞான ஆசிரியராக இருப்பதில் இப்படியும் ஒரு லாபம். பழைய கப்பின் விட்டம் ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல், 1⅜ அங்குலம். புதுக் கப்பும் கிட்டத்தட்ட அதே. ஆனால் புரியை எண்ணினால் புதுக் கப்பில் ஒரு அங்குலத்துக்கு 24 புரி, பழையதில் 26. இரண்டு புரிகளுக்கு இடைத்தூரம் ஒன்றில் 1.06 மில்லிமீற்றர், மற்றதில் 0.98. வித்தியாசம் 0.08 மி.மீ. தானே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் அது கூடுகிறது. ஆறாவது சுற்றில் அரை மில்லிமீற்றர், அதாவது அரைப் புரி. ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் இருக்க வேண்டிய இடத்தில் மேடும் மேடும் மோதுகின்றன. அதற்கு மேலும் திருகினால் ஏதாவது ஒன்று அறுந்தாக வேண்டும். அறுவது பெரும்பாலும் பிரேமின் புரி. கப்பை வேறு வாங்கலாம், பிரேமை எங்கே போய் வாங்குவது?

ஏன் இப்படி? ரலே கம்பனி நொட்டிங்ஹாமில் சைக்கிளின் அநேகமான பாகங்களைத் தானே செய்தது. மற்ற ஆங்கிலக் கம்பனிகள் 24 புரிக்குப் போன பிறகும் தன்னுடைய பல மாடல்களில் 26 புரியை விடவில்லை. தனக்கென்று சொந்த இயந்திரம், சொந்த அளவு. அந்தத் தொழிற்சாலை 2002இல் மூடப்பட்டுவிட்டது. அமெரிக்காவில் ஷெல்டன் பிரவுன் என்று ஒரு சைக்கிள் திருத்துநர் இருந்தார், 2008இல் காலமானார். பழைய ரலேக்களுக்கு எது சேரும், எது சேராது என்று அவர் பொறுமையாக எழுதி வைத்துவிட்டுப் போனதை வாசித்துத்தான் எனக்கு இவ்வளவும் விளங்கியது.

ஆனால் வாசிக்காமலே தெரிந்த ஒருவர் நம்மூரிலேயே இருக்கிறார். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. சந்தைப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கும் காக்கா என்றால் விளங்கும். கப்பை அவர் கையில் கொடுத்தேன். பார்க்கவே இல்லை, கட்டைவிரல் நகத்தைப் புரியில் ஓட்டினார். "இது ரலேட புரி சேர். ரலே, ரட்ஜ், ஹம்பர் இந்த மூணுல ஒண்டத் தேடுங்க. வேற ஒண்டும் சேராது" என்றார்.

எனக்கு ஆச்சரியம். ஹம்பர் எப்படி ரலே ஆகும்? பிறகு தேடிப் பார்த்தால் காக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ரலே கம்பனி ஹம்பர் சைக்கிளை 1932இலும் ரட்ஜை 1943இலும் வாங்கிவிட்டது. அதற்குப் பிறகு நொட்டிங்ஹாமில் செய்தவற்றில் பெயர்ப் பட்டைதான் வேறு, உள்ளே இருப்பது ரலே. காக்காவுக்கு இந்த வருடங்கள் தெரியாது. ஆயிரம் சைக்கிளைக் கழற்றிய விரலுக்குத் தெரியும். லொறியில் ஹம்பரைக் கண்டதும் நான் ஓடியது இதனால்தான். இரும்பு விலைக்கு மேல் கொஞ்சம் கொடுத்து எடுத்தேன். அதன் இடது கப் கையாலேயே கடைசி வரை ஏறியது, ஸ்பெனர் தேவைப்படவில்லை. கால் அங்குலக் குண்டு பக்கத்துக்குப் பதினொன்று, கிறீஸ் போட்டு மூடினேன். கிராங்கைச் சுற்றிவிட்டால் சத்தமே இல்லாமல் ஓடுகிறது.

டயரில் நான் பட்ட அவமானத்தையும் சொல்லத்தான் வேண்டும். மாமாவின் ரிம்மில் 27 × 1¼ என்று அடித்திருந்தது. கடையில் 27 இல்லை, 28 × 1½ இருந்தது. நம்ம பெரிய சைக்கிள்களுக்குப் போடுவது. ஒரு அங்குலம் பெரிசு, ஆனாலும் ஒல்லி ரிம்தானே, இழுத்துப் போட்டால் நிற்கும் என்று படித்த மனுசன் நான் நினைத்தேன். நின்றது. காற்று அடிக்க அடிக்க ஒரு பக்கம் மெதுவாக விளிம்பைத் தாண்டி வெளியே வந்தது, டியூப் வெடித்தது, மகள் அழுதாள், பூனை இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை.

டயரின் பக்கத்தில் இருக்கும் பெரிய எண்ணை நம்பக் கூடாது. டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம்தான் உண்மையான அளவு. அந்த 28 × 1½க்கு அது 635 மி.மீ. 27 × 1¼க்கு 630. இப்போது வரும் ரேசிங் சைக்கிள்களின் 700சி டயருக்கு 622. வேடிக்கை என்னவென்றால், 700சி டயர் சிலதிலும் 28 என்றுதான் போட்டிருக்கும். அதாவது 28 என்று எழுதிய ஒன்று 27ஐ விடப் பெரிது, 28 என்று எழுதிய இன்னொன்று 27ஐ விடச் சிறிது. நல்ல டயர்களில் 32-630 என்கிற மாதிரி இன்னொரு எண் சின்னதாக இருக்கும். அந்தப் பின் எண்ணை ரிம்மோடு ஒப்பிட்டு வாங்குங்கள். கடைக்காரர் "ரெண்டும் ஒண்டுதான்" என்று சொன்னால் சிரித்துவிட்டு எண்ணைப் பாருங்கள்.

மற்றச் சாமான்கள் இவ்வளவு கரைச்சல் தரவில்லை. பெடல் நம்ம சாதாரணப் பெடலே பொருந்தியது. இடது பெடல் மட்டும் எதிர்ப் பக்கம் திருக வேண்டும், வலது பக்கக் கப்பும் அப்படித்தான். இதை மறந்து பலமாகத் திருகி எத்தனை கிராங்கை நாம் கெடுத்திருக்கிறோம்! செயினில் கவனம்: தனிப் பல்லுச் சைக்கிளின் செயின் அகலம் கூட, ஐந்து பல்லுச்சில்லுக்கு மெல்லிய செயின் வேண்டும். கொட்டர் பின்னை ஒன்றை மட்டும் மாற்றாமல் சோடியாக மாற்றுங்கள். இரண்டின் சரிவும் ஒரே மாதிரி இல்லாவிட்டால் கிராங் இரண்டும் நேர்கோட்டில் நிற்காது, மிதிக்கும்போது காலுக்கு உடனே தெரியும்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். சிலருக்குப் பிடிக்காமல் போகலாம்.

"இவ்வளவு செலவழிச்சதுக்குப் புதுசே வாங்கலாமே சேர்" என்று ஆசிரியர் ஓய்வறையில் கேட்டார்கள். கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை புதுச் சைக்கிள் ஒன்றின் அரை விலை கூட ஆகவில்லை. அதில் பெரும் பங்கு நான் பிழையாக வாங்கிய டயரும் கப்பும் கொழும்புக்குப் போய்வந்த பஸ் காசும். டாம் வீதியில் கடை கடையாக ஏறி இறங்கினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. தேவையான சாமான் கடைசியில் எங்கள் ஒழுங்கையால்தான் போனது. அளக்காமல் கடைக்குப் போனதுதான் என் பிழை.

எல்லாப் பழைய சைக்கிளையும் காப்பாற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. பிரேம் வெடித்திருந்தால், குழாய் உக்கியிருந்தால் கொடுத்துவிடுங்கள். அதிலும் கப், கோன், அச்சு, பின் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிட்டுக் கொடுங்கள். அதேபோல எல்லாம் அசலாகவே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களோடும் நான் இல்லை. கொழும்பில் சில சாப்பாட்டுக் கடைகளில் நல்ல நல்ல சைக்கிள்களை மினுக்கிச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறார்கள். பார்க்க அழகு, ஓடாது. பிரேமுக்குள் புரியோடு ஏறுவதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது, மற்றதெல்லாம் வசதிப்படி என்பது என் கொள்கை. 27 டயர் கிடைக்காவிட்டால் 700சி அலுமினிய ரிம் போடுவேன். ரிம்மின் ஆரம் 4 மி.மீ. குறையும், பிரேக் கட்டையை அவ்வளவு கீழே இறக்க இடமிருக்கிறதா என்று அளந்துவிட்டேன், இருக்கிறது. மழையில் பழைய குரோம் ரிம்மை விட அலுமினியத்தில் பிரேக் நன்றாகவும் பிடிக்கும். மாமா கோபிக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

2022ஐ மறந்துவிட்டோமா? பெற்றோல் வரிசையில் இரவு படுத்துக் கிடந்த காலத்தில் வீட்டுக்கு வீடு பழைய சைக்கிளை வெளியே எடுத்தோம். காக்காவின் கடையில் காலையிலிருந்து இஷா வரைக்கும் சனம். என் பாடசாலைக்கு ஆசிரியர்கள் பாதிப் பேர் சைக்கிளில்தான் வந்தோம். அன்றைக்கு அவரிடம் பழைய சாமான் இருந்ததால்தான் அந்தச் சைக்கிள்கள் ஓடின. பெற்றோல் வந்ததும் நாம் பைக்கில் ஏறிவிட்டோம், சைக்கிள்கள் லொறியில் ஏறின.

இப்போது விசயம் என்னவென்றால், காக்கா கடையை மூடுகிறார். கண்ணில் பார்வை குறைந்துவிட்டது, மகன்மார் இருவரும் கட்டாரில். இடத்தில் போன் கடை வரப்போகிறது. அவருடைய சொத்து சுவர் நீளத்துக்கு அடுக்கியிருக்கும் பால்மா டின்கள். நாற்பதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வகை: கப், கோன், பின், அச்சு, லொக் நட். எந்த டின்னிலும் ஒரு எழுத்தும் இல்லை. எதில் என்ன இருக்கிறது, எந்தச் சைக்கிளுக்குச் சேரும் என்பது அவர் தலைக்குள் மட்டும்தான். இரும்புக்காரர் வந்து மொத்தமாக நிறுத்து எடுக்க விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். நான் போய்க் கேட்டபோது காக்கா சொன்னார்: "எனக்குக் காசு பெரிசில்ல சேர். வைக்க இடமில்ல, கேக்க ஆளில்ல."

இடம் என் வீட்டு விறாந்தையில் இருக்கிறது, மனைவியிடம் அனுமதியும் வாங்கிவிட்டேன். இரும்புக்காரர் சொன்ன விலையை நானும் இரண்டு ஆசிரியர்களும் சேர்ந்து கொடுக்கிறோம். தேவைப்படுவது ஆட்கள். வருகிற மூன்று வெள்ளிக்கிழமையும் அஸருக்குப் பிறகு காக்கா வந்து உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் ஒவ்வொன்றாக எடுத்து இது எதனுடையது என்று சொல்லச் சொல்ல, நாம் விட்டத்தையும் புரியையும் அளந்து டின்னில் எழுதி ஒட்ட வேண்டும். பத்தாம், பதினோராம் வகுப்பு மாணவர்கள் வந்தால் நல்லது. வேணியரில் இழிவெண்ணிக்கை பார்க்கத் தெரியாது என்று என்னிடம் ஏச்சு வாங்கியவர்கள் முதலில் வாருங்கள். பெண் பிள்ளைகளும் வரலாம், என் மனைவியும் மகளும் வீட்டில் இருப்பார்கள்.

பிறகு நம்மூரில் யாருக்குச் சாமான் தேவைப்பட்டாலும் வந்து தேடலாம். பொருந்தினால் எடுத்துக்கொண்டு, உங்களிடம் சும்மா கிடக்கும் ஒன்றைப் போட்டுவிட்டுப் போங்கள்.

வர விரும்புபவர்கள் கீழே பெயரைப் போடுங்கள். அத்தோடு, யாருடைய வீட்டுப் பரணிலாவது 27 × 1¼ டயர் ஒன்று, பழையதானாலும் வெடிக்காமல் இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். முன் சில்லுக்கு ஒன்று கிடைத்துவிட்டது, பின் சில்லுக்குத்தான் இல்லை. மாமா நோன்புப் பெருநாளுக்கு வருகிறார்.