கல்மரத்துக்கு மெருகு வேண்டாம்

பேரன் "டம்ளர் வாங்கணும் தாத்தா" என்றபோது காபி டம்ளர் என்றுதான் நினைத்தேன். வந்து இறங்கியதோ ஒரு சின்ன ரப்பர் பீப்பாயும் அதை உருட்டும் மோட்டாரும். கற்களை முக்கால் பீப்பாய் நிரப்பி, தண்ணீரும் சாணைக்கல் தூளும் சேர்த்து மூடி, இரவு பகலாக உருள விட வேண்டும். முதல் வாரம் கரடுமுரடான தூள், அடுத்தடுத்த வாரங்களில் நைசான தூள், கடைசியில் மெருகுப் பொடி. ஆறு பல காலம் செய்வதை இது ஒரு மாதத்தில் செய்துவிடுகிறது.

சானமாவில் கல்லுக்குப் பஞ்சமில்லை. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிரானைட் ஊர் ஊராகப் போகிறது. வெங்கச்சங்கல்லும் கிரானைட் சில்லும் போட்டுப் பார்த்தோம். கண்ணாடி மாதிரி வந்தன. எனக்கும் ஆசை தொற்றிக்கொண்டது.

அந்த ஆசையில் ஒரு தப்பு செய்தேன். அரியலூரில் சம்பந்தி வீட்டுக்குப் போனபோது வயலோரம் கிடைத்த சிப்பிக் கல் ஒன்றை வைத்திருந்தேன். அந்தப் பகுதி ஒரு காலத்தில் கடல். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக் கல்லில்தான் இன்று அங்கே சிமெண்ட் ஆலைகள் ஓடுகின்றன. அந்தச் சிப்பியையும் வெங்கச்சங்கல்லோடு சேர்த்துப் போட்டேன். கடினத்தை அளக்கும் கணக்கில் வெங்கச்சங்கல்லுக்கு 7, சுண்ணாம்புக்கு 3. ஒரு வாரம் கழித்துத் திறந்தால், விசிறி மாதிரி இருந்த வரிகள் ஒன்றும் இல்லை. கையில் இருந்தது ஒரு வழவழப்பான உருண்டை. ஆறு கோடி வருஷத்துக்கு மேல் தாங்கிய வரிகளை ஏழே நாளில் அழித்துவிட்டேன்.

பேரன் விடவில்லை. என் மேஜை மேல் இருக்கும் கல்மரத் துண்டைக் காட்டி, "இது கெட்டிக் கல் தாத்தா, இதைப் போடலாம்" என்றான். அவன் சொல்வது சரிதான். கல்மரத்தில் மரம் இருந்த இடத்தில் சிலிக்கா ஏறி உட்கார்ந்திருக்கிறது. வெங்கச்சங்கல் அளவுக்குக் கெட்டி, நன்றாகவே பளபளக்கும். ஆனாலும் வேண்டாம் என்றேன்.

மெருகே கூடாது என்பதில்லை. ஆராய்ச்சி செய்பவர்களும் கல்மரத்தை அறுத்துத் தேய்க்கிறார்கள். ஒரு மெல்லிய சீவலை எடுத்து, உள்ளே இருக்கும் நாளங்களைப் பார்த்து, என்ன மரம் என்று சொல்வதற்காக. மிச்சக் கல் அப்படியே இருக்கும். டம்ளரோ எல்லாப் பக்கமும் தின்னும். எங்கள் ஆபீஸில் ஒரு மனு எவ்வளவு கசங்கியிருந்தாலும் வரவு முத்திரையும் தேதியும் இருந்தால் அது ஆவணம். கசங்கலை நீக்குகிறேன் என்று முத்திரையையும் சேர்த்துத் துடைத்தால் அது வெற்றுத் தாள். சாளக்கிராமமும் கடல் பிராணியின் கல்லுருதான். கண்டகி நதி உருட்டியது போதும் என்று, சக்கரத்தைப் பார்த்துத்தானே கும்பிடுகிறோம்?

நான் படித்தது பிரெஞ்சில். அந்த மொழியில் 'பொலி' என்றால் மெருகேறியது; மரியாதை தெரிந்தவர் என்றும் பொருள். நம் பொலிவுக்குப் பக்கத்தில் வருகிறது. ஒரு கொம்பு மாறினால் 'போலி' ஆகிவிடும் என்பதையும் பேரனிடம் சொன்னேன்.

மறுத்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பாண்டிச்சேரியில் படித்தபோது, 1963-ல், எங்கள் வாத்தியார் திருவக்கரைக்கு அழைத்துப்போனார். சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையாளர் அந்தக் கல்மரங்களைப் பற்றி 1780களிலேயே எழுதியதைப் பெருமையாகச் சொன்னார். சுமார் 2 கோடி வருஷத்து மரங்கள். அடிமரங்கள் மட்டும் கிடக்கின்றன. கிளையும் வேரும் இல்லை. அதனால்தான் அவை அங்கேயே வளர்ந்தவை அல்ல, வெள்ளம் அடித்துக்கொண்டு வந்தவை என்கிறார்கள். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது நான் ஒரு துண்டை நிஜார் பையில் போட்டுக்கொண்டேன். அதுதான் என் மேஜை மேல் இருப்பது.

பிறகு முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் உத்தியோகம். ஆபீஸ் குண்டூசியைக் கூட வீட்டுக்குக் கொண்டு வந்ததில்லை என்று சொல்லிக்கொள்வேன். திருவக்கரை இன்று தேசியக் கல்மரப் பூங்கா, புவியியல் ஆய்வுத்துறையின் காவலில் இருக்கிறது. வந்து போகிறவர்கள் ஆளுக்கு ஒரு துண்டு எடுத்திருந்தால் இந்நேரம் அங்கே வெறும் செம்மண்தான் மிஞ்சியிருக்கும்.

அதனால் என் வயதுக்காரர்களுக்குச் சொல்வது இதுதான். பேரன் பேத்திகளுக்கு டம்ளர் வாங்கிக் கொடுங்கள், நல்ல பொழுதுபோக்கு. வீடு கட்டும் இடத்து ஜல்லியையும் வெங்கச்சங்கல்லையும் போடட்டும். கழிவுக் குழம்பை மட்டும் வாஷ்பேசினில் ஊற்றாதீர்கள், குழாயில் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். தொல்லுயிர்க் கல் கிடைத்தால், பல் தேய்க்கும் பிரஷ்ஷும் தண்ணீரும் போதும். எங்கே கிடைத்தது என்று ஒரு சீட்டு எழுதிக் கூடவே வையுங்கள்.

அடுத்த மாதம் பாண்டிச்சேரியில் ஒரு கல்யாணம். போகும் வழியில் திருவக்கரைக்குப் போய்த் துண்டைக் கொடுத்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன். "திட்டுவாங்களா தாத்தா?" என்று பேரன் கேட்டான். அவர்கள் கல்லை வாங்கிக்கொண்டால், நான் திட்டை வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.