எத்தாக் யார் வீட்டுப் பிள்ளை?
பினாங்கின் பாலிக் புலாவில் சார் குவே தியாவ் நூடுல்ஸ் தட்டைக் கிளறி கெராங் சிப்பி தேடுகிறவர்கள் அது கடல் சேற்றில் வளர்வது என்று சட்டெனச் சொல்லிவிடுவார்கள். கிளந்தானிலிருந்து வரும் உறவினர் ஒரு பொட்டலம் எத்தாக்கை நீட்டினால்தான் பேச்சு தடுமாறும். கட்டைவிரல் நகம் அளவு ஓடு, அதன்மேல் வளையம் வளையமாக மேடுகள். செராயும் பூண்டும் உப்பும் புரட்டி நெருப்பில் வாட்டிய ஆற்று மட்டி அது. அறிவியலில் கார்பிகுலா ஃபுளுமினியா என்பார்கள். அந்த இனத்தை 1774-இல் முதலில் விவரித்தவர் டென்மார்க்கின் ஓ.எஃப். முல்லர். பின்னால் வந்தவர்களோ ஓட்டின் நிறமோ உயரமோ கொஞ்சம் மாறினாலே புதுப்பெயர் சூட்டினார்கள். அந்தப் பெயர்க் குவியலைக் கல்கத்தாவில் உட்கார்ந்து பொறுமையாகப் பிரித்துப் பார்த்தவர் பாய்னி பிரசாத். 1920-களில் அவர் செய்த வேலைக்கு இன்னும் கூடுதல் மரியாதை கிடைக்க வேண்டும். மரபணு ஆய்வு வந்ததும் சிக்கல் தீரும் என்று நினைத்தால், அங்கேதான் பெரிய முடிச்சு. இந்த மட்டிகளில் பல வம்சங்கள் இருபாலுயிரிகள். விந்து முட்டைக்குள் புகுந்ததும் தாயின் குரோமோசோம்கள் வெளியே தள்ளப்படுகின்றன. பிறப்பது தகப்பனின் நகல். தாயிடமிருந்து மிஞ்சுவது மைட்டோகாண்ட்ரியா மட்டும். சில சமயம் அந்த முட்டையே வேறொரு வம்சத்துடையது! அப்போது ஓடு ஒரு குலத்தைச் சொல்லும், மைட்டோகாண்ட்ரியாவின் தாய்வழி மரபணு இன்னொன்றைச் சொல்லும். எது எந்த இனம் என்று தெரியாமல் எதைக் காப்பாற்றுவது? காப்பாற்றும் தேவையோ இப்போதே இருக்கிறது: கிளந்தான் ஆற்றில் மணல் அள்ளுகிறார்கள். எத்தாக் புதைந்து வாழ்வதும் ஆற்று மணலில்தான்.