நிர்வாக சபையும் வங்கி இருப்பும்

ஹைதராபாத் சத்யம் கம்ப்யூட்டர் கம்பெனியின் கதையை நம் அங்கத்தினர்கள் பலர் அறிந்திருப்பர். அதன் தலைவர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7-ஆம் தேதி டைரக்டர்களுக்குக் கடிதம் எழுதிக் கணக்குகள் பொய்யென ஒப்புக்கொண்டார். ஐந்தொகையில் காட்டிய ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி இல்லாத பணம்!

அச்சபையில் அமர்ந்திருந்தோர் சாமானியர் அல்லர். ஹார்வர்டு பேராசிரியர் ஒருவர். மத்திய அரசின் காபினெட் செயலாளராயிருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர். எனினும், 2008 டிசம்பர் 16-ஆம் தேதி, தலைவரின் குடும்பத்தாருக்குப் பங்கிருந்த இரு கம்பெனிகளை 160 கோடி டாலருக்கு வாங்க அச்சபை இசைந்தது. பங்குதாரர்கள் கொதித்தெழுந்த பின்னரே அது கைவிடப்பட்டது. படிப்பும் பதவியும் குறைவில்லை. குறுக்கே நின்று கேட்பவர்தாம் இல்லை.

தணிக்கையாளர் செய்ததோ இன்னும் விந்தை. வங்கி இருப்பை உறுதிசெய்யும் கடிதங்களை வங்கிகளிடமிருந்து நேரே பெறாமல், கம்பெனி நிர்வாகத்தின் கை வழியாகவே பெற்றனர். பூனையிடமே பாலைக் கணக்கிடச் சொன்னதை ஒக்கும் இது.

நம் சங்கங்களில் தணிக்கை நடக்கிறதே, நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்பாருண்டு. அதை நாம் ஏற்பதற்கில்லை. பொதுக்குழுவில் வரவு செலவைப் படித்து முடிக்குமுன்பே கை தூக்கிவிட்டுக் காப்பிக்கு எழுந்துவிடுகிறோம். இவ்வாண்டுக் கூட்டத்தில் நூல் இருப்பை எண்ணியவர் யார், வங்கிச் சான்றை வாங்கி வந்தவர் யார் என்ற இரண்டையும் கேட்டுப் பதிலை நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் செய்யுமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.