பலர் கொள்ளாத கைக்கடிகாரம்

பலர் விரும்புவதே சிறந்ததென்று எண்ணுதல் உலகியல்பு. அது பிழையென்பதற்குக் கைக்கடிகாரமொன்று சான்று பகர்கின்றது. ரோலெக்ஸ் கம்பெனியார் 1963-ஆம் ஆண்டில் ‘டேடோனா’ என்னும் பந்தயக் கடிகாரத்தை வெளியிட்டனர். அவற்றுட் சிலவற்றின் முகப்பைப் பின்னர் வழக்கத்திற்கு மாறாக அமைத்தனர். வாங்குவோரிற் பலர் அவற்றை விரும்பிலர். அமெரிக்க நடிகர் பால் நியூமனுக்கு அவர்தம் மனைவியார் அத்தகையதொன்றையே பரிசளித்தார். மோட்டார்ப் பந்தயத்தில் ஈடுபட்ட கணவர் கவனமாக ஓட்டவேண்டுமென்று அதன் பின்புறத்திற் பொறிப்பித்தார். நியூமன் அதனை நெடுநாள் அணிந்து, 1984-இல் தம் மகளின் நண்பருக்கு ஈந்துவிட்டார். 2017-இல் நியூயார்க் ஏலத்தில் அது 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று.

விலை உயர்ந்தமையால் அவர் தேர்வு சிறந்ததென்று நாம் கூறோம். உயராதிருப்பினும் அதனைப் பொறிப்பித்த அன்பு குறைந்திராதன்றோ? ஆதலின், மாணவ நண்பர்காள், பலர் கொள்ளாததைக் கொண்டமைக்கு நாணற்க. நாளை விலையேறுமென்று பெட்டியிற் பூட்டியும் வையற்க. விரும்பியதை அணிந்து பயன்கோடலே உடைமையாம்.