ரெண்டு கனெக்‌ஷன், ஒரே கம்பம்!

தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் கல்யாணத்தை நேரலையில் காட்டுபவர்களிடம் "நெட் போனா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "பேக்கப் இருக்கு சார்" என்று ரெண்டாவது கனெக்‌ஷனைக் காட்டுவார்கள். இதில் கூத்து என்னவென்றால், பல தெருக்களில் ரெண்டு கம்பெனி கேபிளும் தொங்குவது ஒரே மின்கம்பத்தில்! உயரமான லாரி ஒன்று இழுத்தால் ரெண்டும் சேர்ந்தே அறும். இதற்குப் பேர் பேக்கப்பா?

சரி, மொபைல் டாங்கிள்? மண்டபத்தில் 500 பேர் வீடியோ அனுப்ப ஆரம்பித்தால் டவர் திணறும். ரெண்டு சிம் போட்டாலும், ரெண்டு கம்பெனி ஆன்டெனாவும் ஒரே டவரில் இருப்பது சகஜம். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டிய 2015 டிசம்பரிலும், 2023 மிக்ஜாம் புயலிலும் கரண்ட்டோடு சிக்னலும் போனதை அதற்குள் மறந்தாச்சா?

ஃபைபர் ஒன்று, வேறு கம்பெனி சிம் ஒன்று, மோடத்துக்கும் யூபிஎஸ், கேமராவிலேயே தனிப் பதிவு. முந்தின நாள் ரிசப்ஷனில் கூட்டம் நிறைந்திருக்கும்போதே அப்லோட் வேகத்தை (டவுன்லோட் அல்ல!) பார்த்துவிட வேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

லீவு கிடைக்காமல் துபாயில் உட்கார்ந்திருக்கும் அண்ணனுக்காகத் தாலியை மறுபடி கட்ட மாட்டார்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேளுங்கள்: "ரெண்டாவது ஒயர் எந்தக் கம்பத்துல வருது?"