கண்காணியைக் கண்காணிப்பவர் யார்?

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் மலேயா இரப்பர்த் தோட்டங்களிலும் தமிழ் உழைப்பாளரை ஆட்டிப்படைத்தவனுக்குக் 'கண்காணி' என்று பெயர். நாள்தோறும் வேலைக்கு வந்தோரின் தலையை எண்ணி அவனுக்குத் தனிக்காசு கொடுத்தனர் வெள்ளைத் துரைமார். அவன் பெயரையும் தம் மொழியில் ஏற்றுக்கொண்டனர். அவன் ஒழிந்தான் என்று தமிழர் எண்ணியிருந்தனர். ஒழியவில்லை, கைப்பேசிக்குள் புகுந்துகொண்டான்!

செங்கற்பட்டு மாவட்டத்துப் படாளம் போன்ற ஊர்களில், ஏரியையும் கால்வாயையும் தூர்வாரும் நூறுநாள் வேலைக்கு வந்தோருள் மிகப்பலர் ஏழைப் பெண்டிர். 2021 மே மாதத்தில் ஒன்றிய அரசு ஒரு செயலியைப் புகுத்தியது. 2023 சனவரி முதல் நாள்தொட்டு அதனைக் கட்டாயமாக்கியது. நாளுக்கு இருமுறை, இடமும் நேரமும் பதியுமாறு உழைப்பாளரைப் படமெடுத்து ஏற்றவேண்டும். அலைத்தொடர்பு அறுந்தாலோ, செயலி பழுதுற்றாலோ, வெயிலில் மண் சுமந்தவள் வாராதவள் ஆனாள்! கூலியிழந்தோரின் முறையீடு நாடெங்கும் எழுந்தது. 2023-இல் தில்லியிலேயே உழைப்பாளர் திரண்டு போராடினர்.

திருட்டைத் தடுக்கவே இம்முறை என்றனர். தடுத்ததா? படத்தையே படமெடுத்து ஏற்றுகின்றனர், தொடர்பற்ற படங்களை ஏற்றுகின்றனர் என்று 2025 சூலையில் ஒன்றிய அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதிற்று. ஏற்றிய படங்களை ஆள்வைத்துச் சரிபார்க்கவும் பணித்தது. பொறியைக் காக்க மீண்டும் மாந்தன்! 2025 திசம்பரில் பழைய சட்டத்திற்கு மாற்றாக இயற்றப்பட்ட புதுச்சட்டத்திலும் உடலடையாளப் பதிவும் கைப்பேசிவழிக் கண்காணிப்பும் இடம்பெற்றுள்ளன.

கணக்கே வேண்டா என்பார் எவருமிலர். பொதுப்பணத்திற்குக் கணக்கு வேண்டும். ஆயின், 15 நாள்களுக்குள் கூலி தரவேண்டும் என்றும், தாழ்த்தால் நாளொன்றுக்கு நிலுவையில் 0.05 விழுக்காடு ஈடு தரவேண்டும் என்றும் பழைய சட்டம் வகுத்திருந்ததே! அத்தவணை தவறியபோது எந்த அலுவலகத்தின்முன் படக்கருவி நின்றது? உழைப்பவளுக்கு நாளுக்கு இருபடம். கூலியைத் தாழ்த்தியவர்க்கு ஒருபடமும் இல்லை. ஒருபக்கம் மட்டும் பார்க்கும் கண் முறைமையின் கண் அன்று, ஆண்டையின் கண்ணே!

பொறி பழுதுற்ற நாளில் ஊர்ப் பதிவேடே கூலிக்குச் சான்றாதல் வேண்டும். தம்மைப்பற்றிய பதிவைக் கண்டு திருத்தும் உரிமை உழைப்பாளர்க்கு வேண்டும். கூலி தாழ்ந்த நாள்களின் கணக்கை ஊரார் காண எழுதிவைத்தல் வேண்டும். ஆலையாயினும் அலுவலகமாயினும் இந்நெறியே பொருந்தும்.

தமிழர்களே! மே முதல்நாள் கூடும் ஊரவையில் இவற்றைத் தீர்மானமாக்குங்கள். பார்க்கப்படுவோர் திருப்பிப் பார்க்கத் தொடங்கும் நாளே கண்காணி உண்மையில் ஒழியும் நாள்!