பையில் 1 கிலோ குறைந்தால் மலையில் என்ன மாறும்? இமயமலை கனவில் இருக்கும் ஓசூர் இளைஞர்களுக்கு ஒரு விளக்கம்

உத்தனப்பள்ளி, சூளகிரி, ஓசூர் பக்கம் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு இமயமலை இப்போது எட்டாத தூரம் இல்லை. நைட் ஷிஃப்ட் முடித்து பஸ் ஏறினால் பெங்களூரு. அங்கிருந்து விமானத்தில் டெல்லி, அடுத்த நாள் மணாலி அல்லது டேராடூன். ஒரு வாரம் லீவ் கிடைத்தால் ஒரு டிரெக்கை முடித்துவிட்டு வந்துவிடலாம்.

முதல் தடவை கேதார்காந்தா மாதிரி நடைப் பயணம். இரண்டாவது தடவை ஆசை கொஞ்சம் பெரிதாகிறது. மணாலி அருகே 5,289 மீட்டர் உயரமுள்ள ஃபிரெண்ட்ஷிப் பீக் மாதிரி, பனியில் கயிறு கட்டி ஏறும் சிகரத்தைத் தேட ஆரம்பிக்கிறார்கள். அப்போதுதான் அந்தக் கேள்வி வருகிறது: ஏற்கெனவே வீட்டில் இருக்கும் 60 லிட்டர் பேக்பேக் போதாதா? 'அல்ட்ராலைட்' பைக்கு ஏன் இவ்வளவு விலை?

எடை ஏன் இவ்வளவு முக்கியம்?

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 5,300 மீட்டருக்குப் போனால் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும். ஊரில் மாடிப்படி ஏறும்போது தெரியாத 3 கிலோ, அங்கே பத்தடிக்கு ஒரு தடவை நிற்க வைக்கும்.

இன்னொரு விஷயம் நேரம். பனிமலையில் நள்ளிரவு தாண்டியதும் ஏற ஆரம்பித்து, வெயில் ஏறும் முன் இறங்கிவிட வேண்டும் என்பது அடிப்படைப் பாடம். வெயில் பட்டு பனி இளகினால் பனிச்சரிவு, கல் சரிவு ஆபத்து கூடும். கனமான பை என்றால் மெதுவான நடை. மெதுவான நடை என்றால் ஆபத்தான நேரத்திலும் மலையிலேயே இருப்பது. மலையேறிகள் எடை குறைப்பதைப் பாதுகாப்பு விஷயமாகப் பார்ப்பது இதனால்தான்.

'ஆல்பைன்' பாணி என்றால் என்ன?

பெரிய சிகரங்களை ஏற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, முகாம்கள் அமைத்து, கயிறு கட்டி, சுமை தூக்குபவர்கள் உதவியோடு படிப்படியாக ஏறுவது. எவரெஸ்டின் வழக்கமான பாதை இப்படித்தான். 2023 மே மாதம் எவரெஸ்ட் ஏறிய முதல் தமிழகப் பெண் என்ற பெயரைப் பெற்ற முத்தமிழ்ச்செல்வியின் சாதனையும் இந்தப் பாதையில் நடந்ததே.

இரண்டாவது, தேவையான எல்லாவற்றையும் தன் முதுகிலேயே சுமந்து, சிறு குழுவாக ஒரே மூச்சில் ஏறி இறங்குவது. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் வளர்ந்ததால் இதற்கு ஆல்பைன் பாணி என்று பெயர். 1975-ல் ரைன்ஹோல்ட் மெஸ்னர், பீட்டர் ஹேபலர் என்ற இரண்டே பேர் காரகோரத்தின் 8,080 மீட்டர் கேஷர்பிரம்-1 சிகரத்தை இப்படி ஏறிக் காட்டினார்கள். 8,000 மீட்டர் மலைக்கும் குறைந்த சுமை சாத்தியம் என்று உலகம் நம்ப ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

டிரெக்கிங் பைக்கும் கிளைம்பிங் பைக்கும் என்ன வித்தியாசம்?

டிரெக்கிங் பை சௌகரியத்துக்கானது. தடித்த இடுப்புப் பட்டை, உள்ளே உலோகச் சட்டம், பக்கத்துக்கு இரண்டு பாக்கெட், அடியில் தனி ஜிப். 60 லிட்டர் பை காலியாகவே சுமார் 2 கிலோ வரும்.

கிளைம்பிங் பை வேறு வேலைக்கானது. பொதுவாக 30 முதல் 45 லிட்டர், எடை சுமார் 1 கிலோ அல்லது அதற்கும் கீழ். கையைத் தூக்கும்போது முழங்கை இடிக்காத அளவுக்கு ஒடுக்கமாக இருக்கும். மேலே பார்க்கும்போது ஹெல்மெட் பையில் முட்டக் கூடாது. ஐஸ் ஆக்ஸ் மாட்ட வளையம், கயிறு கட்டப் பட்டை, பையை மேலே இழுக்க உறுதியான பிடி இருக்க வேண்டும். இடுப்புப் பட்டை மெலிதாகவோ கழற்றக்கூடியதாகவோ இருப்பது நல்லது. இல்லையென்றால் இடுப்பில் கட்டும் ஹார்னெஸ் மேல் அது உட்கார்ந்துகொண்டு உயிர் காக்கும் கொக்கிகளை மறைக்கும்.

'டெனியர்' எண்ணை எப்படிப் படிப்பது?

பையின் லேபிளில் 100, 210, 420 என்று இருக்கும் எண்தான் டெனியர். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதே இதன் கணக்கு. எண் கூடக் கூட நூல் தடிமனாகும், துணி உறுதியாகும், எடையும் ஏறும். வெறும் நடைக்கு 100 டெனியர் ஓகே. பாறையில் உரசும், கிராம்பான் முனை குத்தும் என்றால் 210 டெனியரும் அதற்கு மேலும் பாதுகாப்பு. 'டைனீமா' வகை இழை லேசாகவும் வலுவாகவும் இருக்கும். ஆனால் விலை எகிறும். முதல் பைக்கு அது தேவையே இல்லை.

உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்க வேண்டாம் என்பது மலைப் பயணங்களில் பரவலாகச் சொல்லப்படும் வழிகாட்டல். 65 கிலோ எடையுள்ளவருக்கு அது 13 கிலோ.

இப்போது பார்ப்போம். கிராம்பான் சுமார் 900 கிராம், ஐஸ் ஆக்ஸ் 500, ஹார்னெஸ் 400, ஹெல்மெட் 300. இதுவே 2.1 கிலோ. 2 லிட்டர் தண்ணீர் என்றால் 2 கிலோ. 60 மீட்டர் கயிறு மீட்டருக்குச் சுமார் 60 கிராம் வீதம் 3.6 கிலோ. இதுவரை 7.7 கிலோ. தூங்கும் பை, ஜாக்கெட், உணவு, முதலுதவி எதுவும் இன்னும் உள்ளே போகவில்லை. பையே 2 கிலோ என்றால் மீதி இருப்பது 3.3 கிலோதான். பை 1 கிலோ என்றால் 4.3 கிலோ. அந்த ஒரு கிலோவில் ஒரு நல்ல டவுன் ஜாக்கெட்டும் ஒரு நாள் உணவும் அடங்கிவிடும்.

அப்போ எவ்வளவு குறைக்கலாம்?

இங்கேதான் பலரும் தப்பு பண்றாங்க. இணையத்தில் 'அல்ட்ராலைட்' வீடியோ பார்த்துவிட்டு முதலில் தூக்கிப் போடுவது மழைக்கோட்டையும் கூடுதல் ஸ்வெட்டரையும்தான்.

2024 ஜூன் மாதம் உத்தராகண்டின் உத்தரகாசி மாவட்டத்தில் சஹஸ்திர தால் டிரெக் சென்ற 22 பேர் குழு, 4,000 மீட்டருக்கு மேல் கடும் பனிப்புயலில் சிக்கியது. அவர்களில் பெரும்பாலானோர் கர்நாடகாவைச் சேர்ந்தவர்கள். 9 பேர் உயிரிழந்தனர், 13 பேர் மீட்கப்பட்டனர். நம் ஓசூருக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் என்பதால் இங்கேயும் அந்தச் செய்தி அதிர்ச்சியாகவே வந்தது.

அந்தச் சோகத்தைப் பையோடு முடிச்சுப் போட முடியாது. ஆனால் மலைக்குக் கிளம்பும் எல்லோருக்கும் அதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. ஜூன் மாதத்திலும் பனிப்புயல் வரும். வந்தால், அந்த நேரத்தில் முதுகில் இருப்பது மட்டுமே கையில் இருக்கும். அதனால் குறைக்கக் கூடாதவை: காற்று, மழை தாங்கும் மேலாடை, காய்ந்த நிலையில் ஒரு செட் கதகதப்பான உடை, கூடுதல் கையுறை, ஹெட்லேம்ப், முதலுதவி, அவசரத்துக்குப் போர்த்திக்கொள்ள மெல்லிய வெப்பப் போர்வை, கூடுதலாக ஒரு வேளை உணவு. குறைக்க வேண்டியவை: இரண்டாவது ஜீன்ஸ், பெரிய பவர்பேங்க், முழு டாய்லெட் கிட், "இருக்கட்டுமே" என்று போடும் எல்லாமும்.

லேசான பை, யாருடைய தோளில்?

இந்தியாவில் பெரும்பாலான பயணங்களில் கூடுதல் பையைக் கழுதையிலோ சுமை தூக்குபவர் முதுகிலோ ஏற்றலாம். உள்ளூர் மக்களுக்கு அது வருமானம், அதில் தவறில்லை. ஆனால் நாம் குறைத்ததாக நினைக்கும் எடை காணாமல் போவதில்லை, இன்னொருவர் முதுகுக்குப் போகிறது. கிளிமஞ்சாரோவில் ஒரு சுமையாளுக்கு 20 கிலோ என்று வரம்பு வைத்து எடை போட்டுப் பார்க்கிறார்கள். புக்கிங் செய்யும்போதே "ஒருவர் எத்தனை கிலோ தூக்குவார், அவருக்கு ஜாக்கெட், ஷூ, இன்சூரன்ஸ் இருக்கிறதா?" என்று கேளுங்கள். தெளிவான பதில் வராத நிறுவனம், உங்கள் பாதுகாப்பிலும் அப்படித்தான் இருக்கும்.

பேக் பண்ணும் முறை

தூங்கும் பை அடியில். கனமான பொருட்கள் முதுகை ஒட்டி, நடுப்பகுதியில். லேசானவை வெளிப்பக்கம். மழைக்கோட்டும் கையுறையும் மேலே, உடனே எடுக்கும்படி. பைக்கு மேலே போடும் கவர் பலத்த காற்றில் பறந்துவிடும். அதற்குப் பதில், உள்ளே ஒரு தடித்த பிளாஸ்டிக் பையை விரித்து அதற்குள் துணிகளை வைத்துக் கட்டுங்கள். செலவும் குறைவு, எடையும் குறைவு.

விமானத்தில் போகிறவர்கள் கவனிக்க: ஐஸ் ஆக்ஸ், கிராம்பான் இரண்டும் செக்-இன் லக்கேஜில்தான் போக வேண்டும். கேஸ் சிலிண்டர் எதிலும் அனுமதி இல்லை, மலையடிவாரத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

வாங்கும் முன் செய்ய வேண்டியது

பையின் அளவு உயரத்தைப் பொறுத்தது இல்லை, முதுகின் நீளத்தைப் பொறுத்தது. தலை குனியும்போது கழுத்தின் பின்னால் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்பகுதி வரை டேப் வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள. காலிப் பையை மாட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 8, 10 கிலோ போட்டு, கடைக்குள்ளேயே கால் மணி நேரம் நடங்கள். ஹார்னெஸ், ஹெல்மெட்டோடும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு பயணம்தான் திட்டம் என்றால், கிராம்பான், ஐஸ் ஆக்ஸ் மாதிரியான கருவிகளை வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். தொடர்ந்து ஏற நினைப்பவர்கள் பைக்குச் செலவழிக்கும் முன், உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனம், டார்ஜிலிங் இமயமலை மலையேற்ற நிறுவனம் போன்ற இடங்களின் அடிப்படைப் பயிற்சியைப் பற்றி விசாரிக்கலாம்.

பயிற்சிக்கு வெகுதூரம் போக வேண்டாம். உத்தனப்பள்ளியிலிருந்து அதே சாலையில் போனால் ராயக்கோட்டை மலைக்கோட்டை. பையில் தண்ணீர் பாட்டில்களாக 8 கிலோ நிரப்பி, வாரம் ஒருமுறை ஏறுங்கள். உச்சியில் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் காலிப் பையோடு இறங்குங்கள், முழங்கால் தப்பிக்கும். நாலு வாரம் இப்படி ஏறினால், எந்தப் பட்டை தோளை அறுக்கிறது, எந்தப் பொருள் தேவையே இல்லை என்பதெல்லாம் தன்னால் தெரிந்துவிடும். அதுவரை ஆன்லைன் கார்ட்டில் இருக்கும் பை அங்கேயே இருக்கட்டும்.